கரி பஸ் நின்ற இடங்கள்

எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. பேரன் கார் வாங்கப் போகிறான். பேட்டரி கார்தான் நல்லது, சத்தம் இல்லை, புகை இல்லை, செலவும் குறைவு என்கிறான். மருமகனுக்குப் பெட்ரோல் கார்தான். மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் அங்கங்கே நிறுத்திச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும், அதெல்லாம் ஒரு வண்டியா என்கிறார். நின்று நின்று போவதுதான் எல்லாருக்கும் பெரிய குறையாகத் தெரிகிறது. அப்படி நின்று நின்று போன ஒரு வண்டி எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது அன்னவாசல் பக்கம். வாழ்க்கைப்பட்டது பொன்னமராவதிக்கு மேற்கே. வெள்ளைக்காரன் போன சமயம் அது. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு இரண்டு பஸ் ஓடின. ஒன்று பெட்ரோல் பஸ், இன்னொன்று கரி பஸ். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அதிலிருந்து வருகிற புகையிலேயே இன்ஜினை ஓட்டினார்கள். சண்டை முடிந்த பிறகும் பெட்ரோலை அளந்துதான் கொடுத்தார்கள். அதனால் கரி பஸ்ஸும் போகவில்லை.

கரி பஸ்ஸில் சௌகரியம் என்று சொல்ல அதிகம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் கிளீனர் பின்பக்கம் நின்று கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவார். புகை பதமாக வருவதற்குள் நாம் கொண்டுவந்த சோற்றையே தின்று முடித்துவிடலாம். பின் சீட்டில் உட்கார்ந்தால் முதுகு வேகும், தலை கிறுகிறுக்கும். வெள்ளை வேட்டி கட்டினவர்கள் திட்டிக்கொண்டேதான் இறங்குவார்கள். மேடு வந்தால் ஏறாது, ஆம்பளைகள் இறங்கித் தள்ள வேண்டும். நடுநடுவே நிறுத்திச் சாம்பலைக் கிளறிவிட்டுக் கரி போட வேண்டும். பெட்ரோல் பஸ்ஸில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, ஏறினால் ஒரே ஓட்டம்தான். ஆனால் பெட்ரோல் கிடைக்காத நாளில் அது வரவே வராது. கரி பஸ் தினமும் வரும்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என் ஆத்தா கட்டுச்சோறு கொண்டுவந்து, பேறுகாலத்துக்கு என்னைப் பெட்ரோல் பஸ்ஸில் அழைத்துப்போனது. மாசமாக இருக்கிறவளுக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். பஸ்ஸை நிறுத்த வேண்டுமென்றால் கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். பஸ் நிறைய ஆம்பளைகள். பக்கத்தில் இருந்த ஆத்தாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் ஆத்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கண்டக்டரைக் கூப்பிடும். புதுக்கோட்டை வரைக்கும் அடக்கிக்கொண்டே போனேன். மறுநாளே நீர்க்கடுப்பு, பின்னாலேயே குளிர்காய்ச்சல். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா மட்டும் குனிந்து மெதுவாக, நீரை அடக்கினாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். இனிமேல் அப்படிச் செய்யாதே என்றார். வீட்டில் பஸ் குலுக்கினது என்றார்கள், கண்பட்டுவிட்டது என்றார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அடுத்த பிள்ளை உண்டாகி, மறுபடியும் கட்டுச்சோறு வந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்பதுதான் ராவும் பகலும் எனக்கு நினைப்பு. என் வீட்டுக்காரர் அப்போது பினாங்கில் ஒரு கடையில் இருந்தார். அதனால் பேச்செல்லாம் பெரியவர்களுக்குள்தான். பெட்ரோல் பஸ்ஸில் முன் சீட்டுக்குச் சொல்லிவைக்கிறேன், ரோட்டில் இருக்கிற நேரம் குறையும் என்றார் மாமனார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி மெதுவாகப் போகலாம் என்றது ஆத்தா. அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்குவதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்றார் மாமியார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் கரி பஸ்ஸுலயே போறேன்" என்றேன்.

மாமனார் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் கதவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏத்தா, கரி பஸ்ஸு ஒனக்கு என்ன ஒறவு மொறை?"

என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. மாமியார்தான் யோசித்துவிட்டுப் பேசினார். "அவ சொல்றதும் சரிதாங்க. பிள்ளைத்தாச்சி வெளிய போனா வேப்பெலையும் இரும்பும் கையில குடுத்துத்தானே அனுப்புறோம்? அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாடி இம்புட்டு இரும்பும் நெருப்பும் கூடவே வருது. எந்தக் காத்துக் கருப்பு கிட்ட வரும்?"

மூஞ்சியைக் கரியாக்கிக்கொண்டு போங்கள் என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கிளம்புகிற அன்று மாமியாரும் பஸ் வரைக்கும் வந்தார். டிரைவரிடம் போய், முதல் பிள்ளை போய்விட்டது, இது தப்ப வேண்டும், பார்த்துக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார். வினை அங்கேதான் வந்தது. முதலில் கரி போட நிறுத்தின இடத்தில் மற்றப் பெண்களெல்லாம் பேசாமல் இறங்கிப் போய்விட்டு வந்தார்கள். நானும் எழுந்தேன். நீங்கள் அலைய வேண்டாம், உட்காருங்கள் என்று கண்டக்டர் என்னை உட்கார வைத்தார். ஆத்தாவும் அவர் சொல்வதுதான் சரி என்று என் கையைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு கண்மாய்க்கரை மேடு வந்தது. பஸ் ஏறவில்லை. ஆம்பளைகள் தள்ள இறங்கினார்கள். பாரம் குறையட்டும் என்று ஆத்தாவும் மற்றப் பெண்களும் இறங்கினார்கள். பஸ்ஸுக்குள் டிரைவரும் நானும்தான். இதை விட்டால் பஸ் எங்கே நிற்குமோ தெரியாது. வயிற்றில் பிள்ளை புரண்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போனதடவை மாதிரி ஆகிவிடும் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணே, நான் எறங்கணும்."

"வேணாம்த்தா. ஒங்க மாமியா சொல்லியிருக்காக. நீங்க ஒரு கனமா? தள்ளிருவாக, இருங்க."

"கனத்துக்கு இல்லண்ணே. ஒதுங்கணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏப்பா, எல்லாரும் அங்கிட்டுப் பாத்துத் தள்ளுங்க. வண்டி மேல ஏறுற வரைக்கும் ஒருத்தரும் இங்கிட்டுத் திரும்பக் கூடாது" என்றார்.

"திரும்புனா வண்டி எங்க மேலல்ல வரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நான் இறங்கிவிட்டேன். ஆத்தா ஓடிவந்து என்னைக் காரைச் செடிப் புதருக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனது. அந்நேரத்துக்குப் பஸ் மேட்டுக்குமேல் போய் நின்றுவிட்டது. நாங்கள் மெதுவாக ஏறிப் போனோம். தள்ளினவர்கள் முகமெல்லாம் கரி. ஒருவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அவரவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசம் நிறைந்து பெண் பிறந்தது. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. இரும்பும் நெருப்பும் காத்தது என்று ஊரெல்லாம் சொன்னார். அதைக் கேட்டுப் பிள்ளைத்தாச்சிகளைக் கரி பஸ்ஸில் ஏற்றியதோடு, உருளைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பின் சீட்டிலேயே உட்கார வைத்தார்கள். அவர்கள் தலை சுற்றி வாந்தி எடுத்ததுதான் மிச்சம். இரண்டு பேரிடம் மட்டும் கிணற்றடியில் நான் உள்ளதைச் சொன்னேன். முன் சீட்டில் உட்காருங்கள், நிற்கிற இடத்திலெல்லாம் இறங்குங்கள் என்றேன்.

பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. உருளையைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பஸ்ஸும் மற்றது மாதிரியே நிற்காமல் ஓட ஆரம்பித்தது. நல்ல வேகம், கரியும் இல்லை, தலைவலியும் இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது பிள்ளைக்குக் கிளம்பியபோது மாமியார் வேப்பிலையும் சின்னக் கத்தி ஒன்றும் என் கையில் கொடுத்தார். தானாக நிற்கிற பஸ் இனி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஏறும்போதே கண்டக்டரிடம், கண்மாய் மேட்டில் கொஞ்சம் நிறுத்துங்கள், பெண்கள் ஒதுங்கணும் என்று சொன்னேன். ஆத்தா என் முழங்கையில் கிள்ளியது.

மேடு வந்ததும் கண்டக்டர் மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் நின்றது. நான் முதலில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.