வெள்ளையாகத் தெரிந்த தண்ணீர்

பொரி அடங்கும்வரை ஜெரினா உட்கார மாட்டாள். காரைக்குடியில் ஒரு வாடகை மாடி அறைதான் அவள் அலுவலகம். கணினி இரைய, நின்றபடியே கடலை கொறிப்பாள். 'பொரி' அவளே வைத்த பெயர். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் எதிரொலிகள் முதலில் வெறும் எண்கள். அவற்றைக் கோத்துப் படமாக்கினால், யாரோ பொரியை வாரி இறைத்ததுபோலத் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுக்க எடுக்க, கண்மாயும் கரையும் துலங்கும். "அடங்கிருச்சு!" என்று கத்துவாள். கீழ்வீட்டு ரேணுகா, "யாருக்குடி பேய் ஓட்டுற?" என்பாள்.

மேகம் மூடினாலும் ரேடாருக்குத் தெரியும். அதனால், மழையில் மூழ்கிய வயல்களை நிவாரணக் கணக்கெடுப்புக்கு வரைந்து கொடுப்பது அவள் வேலை. அசையாத தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். திரும்பி வராத இடம் படத்தில் கறுப்பு. "கறுத்துக் கெடந்தா தண்ணி," அவ்வளவுதான் அவள் விதி.

கண்டரமாணிக்கத்து விவசாயி பெரியகருப்பன் அந்த விதியோடுதான் ஒருநாள் மாடியேறிச் சண்டைக்கு வந்தார்.

"ஏன் தாயி, எம் வயல்ல முழங்காலுக்குத் தண்ணி. ஊர்ல ஒட்டியிருக்க ஒங்க படத்துல வெள்ளையா மின்னுது. வானத்துலருந்து பாக்குறவுக கண்ணாடி போடலியோ?"

"அண்ணே, பக்கத்து வயலெல்லாம் கறுப்பாத்தானே இருக்கு!"

"அவுக இப்பத்தான் நட்டாக. நான் முந்தியே நட்டவன். எம் பயிரு தண்ணிக்கு மேல நெட்டுக்குத்தா நிக்குதுல்ல! ஆனா அடி அழுகுது. நிவாரணத்துல விட்டுட்டீகன்னா, மறுபடி நட நான் எங்குட்டுப் போவேன்?"

ஜெரினாவின் கை கடலையோடு நின்றது. மழைக்கு முந்தைய படத்தைத் திறந்து அருகில் வைத்தாள். அதில் அந்த வயல் சாம்பல் நிறம். மழைக்குப் பின் திடீர் வெளிச்சம். தண்ணீரில் பட்ட அலை, நிமிர்ந்த நெல்தண்டில் மோதி, வந்த வழியே வானத்துக்குத் திரும்பியிருக்கிறது. கல்லூரியில் படித்ததுதான், கறுப்பையே தேடிய கண் தவறவிட்டது.

"ஐயோ அண்ணே, இதுவும் தண்ணிதான்! நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்!"

"தப்புப் பண்ணிட்டு யாரு தாயி இப்படிக் குதிப்பாக?" அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வயலை மூழ்கிய பகுதியில் சேர்த்து அனுப்பிக் காட்டினாள். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஜெரினாவும் விளக்கை அணைத்து, பையைத் தோளில் மாட்டி, வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். பையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, முந்தின வாரமே முடித்து அனுப்பிய இளையாத்தங்குடிப் படத்தைத் திறந்து, வெள்ளையாகத் தெரிந்த வயல்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கத் தொடங்கினாள்.