கடைசி வரிசைக் காது

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. அதற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் சனிக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் கையைத் தூக்கினால் ஒரு நாடகமே நின்றுவிடும்.

டயர் கிடங்குக்கு மேலே ஒரு நீளமான கூடம். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சின்ன அறக்கட்டளை நடிப்பும் பாட்டும் மேடைப் பேச்சும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளி மேலாளர் அதில் ஓர் உறுப்பினர். பிள்ளைகளை ஏற்றி இறக்க அவர் வேனைக் கொடுத்தார். இவர் தன் விடுமுறை நாளைக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், என் புத்தி அப்படி.

முதல் நாள் வேனிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரை நாடக டீச்சர் எழுப்பி, மேலே கூட்டிப்போய், கடைசி வரிசையில் உட்கார வைத்தாராம். மேடையில் பேசுவது காதில் விழவில்லை என்றால் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டும். வேன் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணிதான். துணி உயர்ந்தால் பேசுகிறவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டீச்சர்கூடக் குறுக்கே பேசக் கூடாது. அங்கே மைக் கிடையாது. கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேராத பிள்ளைக்கு மேடையும் கிடையாது. நாலு வருடமாக இதுதான் சட்டம்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். புது நாடகத்துக்கு வசனப் பிரதி எடுத்துக்கொடுத்ததே நான்தான். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அந்தச் சனிக்கிழமை முதல் தடவையாக மாடி ஏறினேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இவர் கடைசி வரிசையின் மூலையில், மேடைக்கு வலக் காதைக் காட்டிக்கொண்டு, இடப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே நிற்கிற வேனை யாராவது உரசிவிட்டால்? அந்தக் கவலை அவருக்கு.

மேடையில் ஒரு பெண் பிள்ளை. பன்னிரண்டு வயது இருக்கும். மற்ற பிள்ளைகள் அவளைக் கொசு என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஓடிப்போன அரண்மனையில் மிச்சமிருக்கும் ஒரே காவல்காரி வேடம் அவளுக்கு. மெல்லிய குரல்தான். ஆனாலும் பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் கேட்டது. இவர் துணியைத் தூக்கினார். அவள் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி துணி. நாலாவது தடவை அந்தப் பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. துணி அப்போதும் உயர்ந்தது.

டீச்சருக்கும் வேறு வழி தெரியவில்லை. “மூணு வாரமாச்சும்மா. அடுத்த சனிக்கிழமையும் கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா, இத வேற யாருக்காவது குடுத்துடலாம்” என்றார். கொசு தலையாட்டினாள். அவள் அம்மா நாடகத்தன்றைக்கு லீவு சொல்லிவிட்டாளாம், தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். வேனில் திரும்பிவரும்போது பக்கத்துப் பிள்ளை என்னிடம் இதைக் கிசுகிசுத்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம், கூடவே ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து அவர் பேப்பரை விரித்ததும் வலப்பக்கமாகப் போய் நின்று, சாதாரணக் குரலில், “உங்க வேன யாரோ ஓட்டிக்கிட்டுப் போறாங்க” என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு முறை சொன்னேன். விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேனிலும் சரி, வீட்டிலும் சரி, நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான். இத்தனை வருட ஹாரன் சத்தத்தையும் ஜன்னலோரம் இருந்து வாங்கிக்கொண்ட காது மறுபக்கம்.

எதிரே உட்கார்ந்து சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

“கொஞ்சம் மந்தம்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது” என்றார். “அப்ப அந்தப் புள்ளைக்குக் குரல் இருக்கா?”

“நல்லாவே இருக்கு.”

“மூணு வாரமாக் கத்த விட்டிருக்கேனே.”

எனக்கு வேலையைப் பற்றித்தான் பயம். “மேலாளர் காதுக்குப் போனா சாவிய வாங்கிடுவார். பேசாம அடுத்த வாரம் துணியத் தூக்காதீங்க. அவளும் பாஸ், நாமளும் தப்பிச்சோம்” என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

“கேட்டாத்தான் தூக்காம இருக்கணும். கேக்காமலே சும்மா இருந்தா, குரல் நல்லா இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? வேன் மாமா பாவம் பார்த்து விட்டுட்டார்னுதான் நெனப்பா.”

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். அன்றைக்கென்று பார்த்து மேலாளரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொசு மேடை ஏறி வாயைத் திறக்குமுன் இவர் எழுந்து நின்றார். வாடகை வாங்க வரும் வீட்டு ஓனர் முன்னால்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனுஷன்.

“டீச்சர், கொறை அவ குரல்ல இல்ல. என் வலது காது கேக்காது. அந்தக் காதத்தான் மேடைப் பக்கம் வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இது என் தப்பு.”

கொசுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “தொண்ட கிழியக் கத்தினேனே மாமா” என்றாள்.

“மன்னிச்சிடும்மா.”

மேலாளர் எழுந்து வந்தார். திட்டவில்லை. “டாக்டர் எழுதிக் குடுக்கற வரைக்கும் ஓட்டாதீங்க” என்று கையை நீட்டினார். இவர் சாவியைக் கொடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

இன்று வேறு மாதிரி நினைக்கிறேன். தினமும் இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வலப்பக்கம் வரும் லாரி ஹாரன் கேட்காமல், எத்தனை நாள் ஓட்டினாரோ. ஒன்றும் நடக்கவில்லையே என்று கும்பிடத் தோன்றுகிறது. மெல்லிய குரல்தான் முதலில் கேட்காமல் போகும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் குரலுள்ள ஒரு பிள்ளை அந்த மேடையில் நிற்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு எப்போது தெரிந்திருக்குமோ! நாங்கள் என்னவோ அந்த அறக்கட்டளைக்கு உதவுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. அவருக்கு இப்போது பள்ளி அலுவலகத்தில் வேலை. சம்பளம் குறைவுதான், சமாளிக்கிறோம்.

அன்று கூடத்தில் நடந்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சாவி கைமாறியதும் கொசு மேடையிலிருந்து இறங்கி, நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்தக் காது மாமா கேக்கும்?”

அவர் தொட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காவல்காரியின் வசனம் முழுவதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கத்தவில்லை, அவளுடைய சொந்தக் குரலில், நிதானமாக. இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கன்னமெல்லாம் நனைந்துவிட்டது.

“கேட்டுச்சா மாமா?”

“ஒரு வார்த்த விடாமக் கேட்டுச்சு” என்றார். “இன்னொரு தடவ சொல்றியாம்மா?”