என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்றைக்குச் செஞ்சியில் என் கடலை மில்லைத் தெரியாதவர் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனிலேயே எனக்கு நாற்காலி போடுவார்கள்.

மில்லில் வேலை செய்யும் செல்வி ஒருநாள் உதடு கிழிந்து வந்தாள். காலனிப் பெண் எங்கள் தெரு வழியாக ஸ்கூட்டி ஓட்டலாமா என்று, சாதியைச் சொல்லி அடித்திருக்கிறார்கள்.

"வண்டியில ஏறு. நான் சொன்னா உடனே கேஸ்தான்" என்றேன்.

"வேணாம் மொதலாளி. அடிச்சவங்க உங்க பங்காளிங்க. நாளைக்கே ராஜியாப் போயிடுன்னு நீங்களே சொல்லுவீங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எத்தனை ராஜி பேசி முடித்தவன் நான்!

"சரி, யாரு வந்தா போவே?"

"எங்க மகளிர் சங்கத்து அக்கா வந்தா போறேன்."

இருவரையும் நானே ஏற்றிப்போனேன். ஸ்டேஷன் வாசலில் அந்த அக்கா, "நீங்க வெளியவே குந்துங்க பெரியவரே. உங்களப் பாத்தா இவளுக்குப் பேச்சு வராது" என்றார்.

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து செல்வியின் குரல் கேட்டது. அடித்தவர்களின் பெயர்களைத் தடுமாறாமல் சொன்னாள். என் தம்பி மகன் பெயரும் வந்தது.

கேஸ் கொடுக்க அவளை ஏற்றிவந்ததே நான்; இனி ராஜி பேச என்னிடம் யாரும் வர முடியாது. மில் திறந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.