சீல் உடைத்த லாரி

மலைப்பாதையில் லாரி ஓட்டும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சின்ன வயதில் தாராவியில் ஒரு சைபர் கஃபேயில் காசு கொடுத்து விளையாடியது. மூன்றாவது மலையில் ஒரு மரப்பாலம் வரும். அதில் ஏறினால் லாரி பள்ளத்தில் விழும், இல்லையென்றால் நான் காசு கொடுத்த நேரம் முடிந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானே ஓட்டித் தாண்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்று அதை இணையத்தில் வாங்க முடியாது. செய்த கம்பெனி மூடிவிட்டது, உரிமை யாருக்கு என்று தகராறு. ஓசியில் இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் வைரஸ், இன்னொன்று பாதியில் நின்றது. பழைய டிஸ்க் கிடைத்தால்தான் உண்டு. எங்கள் பெல்ட் பட்டறைக்கு லீவு என்றால் லேமிங்டன் ரோடு, சீத்தா கேம்ப், தாராவிக் காயலான் கடை மூட்டைகள் என்று அலைந்தேன். கிடைக்கவில்லை.

என் மனைவியின் தம்பிக்குக் கிடைத்தது. செம்பூரில் ஆபீஸ் வேலை பார்ப்பவன். உல்லாஸ்நகருக்குத் திரைச்சீலை வாங்கப் போனவன், பக்கத்துக் கடையில் பார்த்து வாங்கி வந்தான். திரைச்சீலை வாங்கப் போனவன்! பெருநாளைக்கு அவன் வீட்டுக்குப் போனோம். கண்ணாடி அலமாரியில் வைத்து விளக்குப் போட்டிருந்தான்.

"ஏக்தம் புதுசு, சீல் பேக்கு மச்சான். தொடாதீங்க."

"போட்டுப் பாத்தியா?"

"பிரிச்சா மதிப்பு போயிரும்லா. இதெல்லாம் வெளையாடவா வாங்குறது?"

தொடாதே என்றவன் முன்னாலேயே எடுத்துப் புரட்டினேன்.

எங்கள் கல்லியில், பட்டறைகள் இருக்கும் சந்தில், பெல்ட் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றிச் சூடு காட்டுவோம். உறை சுருங்கி இறுகும். காற்று வெளியேற அதில் ஊசித்துளை இருக்கும். பழைய சரக்கை இப்படிச் சுற்றிப் புதுசு என்று விற்பவர்களும் உண்டு. இவன் டப்பாவின் பின்பக்கம் இரண்டு துளை இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாப்ள, ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுவ. இது எங்க கல்லியில சுத்துன கவரு."

"எரிச்சல்ல பேசாதீங்க மச்சான்."

"துளையப் பாருலே. டெய்லி நான் சுத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"பெருநாளும் அதுவுமா ஒரு பொம்ம லாரிக்கா சண்ட போடுதீங்க?" என்றாள் என் மனைவி.

அவன் கத்தியை எடுத்து உறையைக் கிழித்தான்.

உள்ளே விளக்கப் புத்தகம் மடங்காமல் இருந்தது. டிஸ்கில் ஒரு கீறல் இல்லை, விரல் ரேகை இல்லை. அசல் சீல். கம்பெனிக்காரனும் துளை போடுவான் என்று நான் யோசிக்கவில்லை.

"இப்ப திருப்தியா?"

"பிரிச்சாச்சுல்லா? போடு."

வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். இனி ஓட்டலாம் என்றுதான் நினைத்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் வைத்திருந்தான், அதுவும் அழகுக்கு. டிஸ்கைப் போட்டவன் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டான். முதல் வளைவிலேயே கவிழ்த்தான்.

"கியரக் குறைலே" என்றேன்.

குறைத்தான். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மேசையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ எனக்குக் குடு மாப்ள."

"இருங்க மச்சான், இந்த ஒரு மல."

மூன்றாவது மலையில் மரப்பாலம் வந்தது. அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. முன்சக்கரம் பலகையில் ஏறியதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன்.

"தாண்டிட்டேன் மச்சான்! வந்து பாருங்க, இந்தப் பக்கம்..."

காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கினேன்.