லண்டன் பேப்பரில் அப்பாவின் பெயர்

எங்கள் ஊரில் எது நடந்தாலும் லண்டன் வானொலி சொன்ன பிறகுதான் அது நடந்ததாகக் கணக்கு. நானும் அந்தப் புத்தியோடு வளர்ந்தவன்தான். பிறகு நான்கு வருடம் லண்டனிலேயே வேலை பார்த்தேன். நவம்பர் மாதம் சட்டையில் சிவப்புக் கடதாசிப் பூவைக் குத்திக்கொண்டு, அவர்களுடைய போரில் செத்தவர்களுக்காக அவர்களோடு சேர்ந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றிருக்கிறேன். யார் யாருக்காக நிற்கிறோம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. எல்லாருக்காகவும்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணுக்கு மாறினேன். நோபல் பார்க்கில் வீடு, டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. அடுத்த வருடம் ஊரிலிருந்து அம்மாவையும் கூப்பிட்டேன். ஸ்டோரில் என்னோடு வேலை செய்தவர் ஒரு ஆங்கிலேயர், நல்ல மனிதர். லண்டன் பேப்பரின் வாரப் பதிப்பு ஒன்று அவருக்கு விமானத் தபாலில் வரும். வெங்காயச் சருகு மாதிரித் தாள். அவர் வாசித்து முடித்ததும் எனக்குத் தருவார். அப்பாவின் பெயரைப் பாதியாக வெட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். குடிவரவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றோடு என் சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பாவின் பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

ஒரு நவம்பரில் வந்த பேப்பரில் சயாம் ரயில் பாதையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் யப்பானியர் பிடித்துக்கொண்டுபோய் அந்தப் பாதை போட வைத்த பிரித்தானியச் சிப்பாய்களைப் பற்றிய கட்டுரை. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், வாசிக்க எனக்கே கண் கலங்கியது. கட்டுரையில் ஒல்லாந்தர் வந்தார்கள், அவுஸ்திரேலியர் வந்தார்கள். முடிவு வரைக்கும் வாசித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தேன். தமிழர் என்ற சொல்லே அதில் இல்லை.

என் அப்பா ஊரிலிருந்து போய் மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். எனக்கு ஆறு வயதில் யப்பானியர் அவரையும் மற்ற ரயில்வேக்காரரையும் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தைப் பெட்டி பெட்டியாக அடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு அம்மா ஆள் பிடித்து மனுவுக்கு மேல் மனுவாக வெள்ளைக்கார அலுவலகங்களுக்கு எழுதுவித்தார். வந்த பதில் எல்லாவற்றிலும் அப்பாவின் பெயரை வடிவாக அச்சடித்து, தகவல் எதுவும் இல்லை என்றிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பதில்களைப் பார்த்துப் பார்த்து அப்பாவின் பெயரை மட்டும் எங்கே கண்டாலும் பிடித்துவிடுவார்.

கட்டுரையைப் பற்றி அம்மாவிடம் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்டேன். அம்மா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தவர், கையை எடுக்காமலே சொன்னார்.

"தம்பி, உந்த லண்டன் ஆக்களுக்கு நீ ஒருக்கா எழுதிப் போடு. இப்பிடி ஒருத்தர் இருந்தவர் எண்டு அவையளுக்கும் தெரியட்டும். பேர் ஒருக்கா வந்தாலே எனக்குக் காணும்."

எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்தவனுக்கு வெள்ளைக்காரனுக்குக் கடிதம் எழுதுவது என்றால் மனு எழுதுவதுதான். முதலில் வணக்கம், பிறகு புகழ்ச்சி, பிறகு இன்னும் கொஞ்சம் புகழ்ச்சி. முறைப்பாடு கடைசியில், அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். என் கடிதம் ஐந்து பந்தி. முதல் இரண்டு பந்தியில் கட்டுரையைப் பாராட்டினேன். அப்பாவும் அவர் வேலை செய்த ஸ்டேஷனும் தோட்டத்துச் சனமும் ஐந்தாவது பந்தியில் வந்தார்கள். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

மூன்று நான்கு வாரம் இருப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் பேப்பரைப் பிரிக்கும் நாட்களில் ஸ்டோருக்குள் பூனை மாதிரி அவரைச் சுற்றி வருவேன். ஒருநாள் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேப்பரில் என் கடிதம் வந்திருந்தது. முதல் இரண்டு பந்தி, அதன் கீழே என் கையொப்பம், அவ்வளவுதான். மிச்சம் இல்லை. ஒருவரையும் மறவாமல் நினைவுகூரும் உங்கள் பண்புக்கு நன்றி என்று நான் எழுதிய வசனம் மட்டும் ஒரு சொல் குறையாமல் வந்திருந்தது.

எனக்கு விசர் பிடித்தது. கடிதத்தின் மிச்சத்தை ஆங்கிலேயரிடம் சொன்னேன். பேப்பர்காரர் இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், உள்ளதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு, அந்தப் பாதையில் தமிழர் செத்ததைப் பற்றித் தனக்கு ஒருத்தரும் படிப்பிக்கவில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் முழுக்க என்னில்தான். அந்தப் பேப்பர்கள் பொய் எழுதுவதில்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். அவர்களுடைய கண்ணீரும் உண்மைதான். ஆனால் யாருக்கு அழுவது என்பதை முதல் இரண்டு பந்திக்குள் முடித்துவிடுகிறார்கள். எங்களைக் கடைசியில் கொண்டுபோய் வைக்க அவர்கள் தேவையில்லை, அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கடிதத்தை அப்பாவின் பெயரோடு தொடங்கினேன். வணக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அச்சடித்த அட்டை ஒன்று பதிலாக வந்தது. உங்கள் கடிதத்தை ஆர்வத்துடன் வாசித்தோம், இந்த விடயம் பற்றிய கடிதங்கள் இத்துடன் நிறைவு பெறுகின்றன. அட்டையைக் கிழித்து எறிந்தேன். பேப்பரை மட்டும் ஏனோ எறிய மனம் வரவில்லை. அதை மடித்து என் வேலைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கடிதம் வந்ததோ என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இன்னும் இல்லை என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வர, அம்மா முன்னறைக் கதிரையில் அந்தப் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் பையைத் திறந்திருக்கிறார். என் கடிதத்தின் அடியில், என் ஒற்றை எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் பெயரில், அம்மாவின் விரல் நின்றது.

"இஞ்சை பார். வந்திட்டார்."

முப்பது வருடத்தில் அம்மாவின் முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. அது என் கையொப்பம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கத்தரிக்கோலைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அந்தத் துண்டைக் கோணாமல் வெட்டி அப்பாவின் படச் சட்டத்துக்குள், அவருடைய கழுத்துப்பட்டிக்குக் கீழே செருகி வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லண்டன் ஆக்கள் வாசிச்சிருப்பினமோ?"

"ஓம் அம்மா," என்றேன். "எல்லாரும் வாசிச்சிருப்பினம்."