மாலைக்குப் பின்னால் ஒரு கேபிள்

இந்த வாரம் சிரிக்க வைக்கிற மனநிலையில் நான் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குற்றாலம் ரோட்டில் ஒரு நர்சிங் கல்லூரி. அதன் ஆபீஸ் நெட்வொர்க்கை அமைத்துக் கொடுத்தது நான்தான். ஆயுத பூஜை லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று காலையிலேயே போன். கிளார்க் ஜெயா.

"அண்ணாச்சி, ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒரு நிமிஷம் வருது, பொறவு அப்படியே நின்னுருது. வெரசா வாங்க."

போனேன். ஆபீஸ் பெஞ்சில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். பெயர் முப்பிடாதி, ஊர் அச்சன்புதூர். பரீட்சைக்கு அனுப்பிய வருகைப் பட்டியலில் அவள் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது. திருத்திய பட்டியல் சர்வரில் தயாராக இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஏற்றினால் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால்? அடுத்த பரீட்சை வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். புனலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

"அஞ்சுக்குள்ள சரியாயிரும்லா அண்ணாச்சி?"

"அதெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்மா" என்றேன். எத்தனை வருஷ அனுபவம்! வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

ஸ்விட்ச் என்பது எல்லா கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேருகிற சின்னப் பெட்டி. அதன் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெறிபிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது... லூப். ஒரு கேபிளின் இரண்டு முனையும் எங்கோ ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. போன தகவல் திரும்பி அங்கேயே வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, கடைசியில் ஸ்விட்ச் திணறி உறைந்துவிடும்.

"நான் முடிக்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். ஜெயா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாடியில் இன்னொரு ஸ்விட்ச். அதன் இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன். சுத்தம். சர்வரின் கேபிளைப் பிடுங்கினேன். தனியாக விட்டால் அது தங்கமாக வேலை செய்தது. "சர்வர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேபிளுக்குப் போனேன். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு கீழே ஆபீஸ் ஸ்விட்சில்தான் என்று தெரிந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலை வலது ஓரத்தை மறைத்துத் தொங்கியது. நகர்த்தினேனா? இல்லை. பூஜைக்குப் போட்ட மாலையைச் செருப்புக் காலோடு நின்று எப்படித் தொடுவது? நானும் இந்த ஊர்க்காரன்தானே. கண்ணுக்குத் தெரிந்த கேபிளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்படியும் விளக்குகள் மின்னுவது நிற்கவில்லை. அப்படியானால் ஸ்விட்சே போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புது ஸ்விட்ச் எடுக்கத் தென்காசியில் இருக்கும் என் கடைக்குப் போனேன். போனது சுலபம். திரும்பும்போது... நல்ல மழை பெய்ததால் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம். வேனும் காருமாக ரோடு அடைத்துக்கொண்டது. துண்டோடு ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தவர்களை அன்றைக்கு மனதாரத் திட்டினேன்.

கல்லூரிக்குள் நுழையும்போது ஐந்தாக ஐந்து நிமிஷம். முப்பிடாதி எழுந்து நின்றாள்.

பழைய ஸ்விட்சைக் கழற்ற வேண்டும். இப்போது மாலையை எடுத்துத்தானே ஆக வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தேன். பின்னால் ஒரு குட்டிக் கேபிள். ஆய்வுக்கு வருகிறவர்கள் லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு முனையைத் தொங்கவிட்டு வைத்தது நானேதான். இப்போது இரண்டு முனையும் அதே ஸ்விட்சில்!

அட்டெண்டர் சாந்தி அக்கா எட்டிப் பார்த்தார். "துடைக்கும்போது ஒரு முனை தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. சாமி கும்பிடுத எடத்துல அப்படிக் கெடக்கலாமா? பக்கத்துல ஓட்டை சும்மாதான இருந்துச்சு, சொருகிட்டேன்."

அவரை என்ன சொல்ல? பக்தியோடு துடைத்தவர் அவர். பக்தியோடு தொடாமல் விட்டவன் நான்.

பிடுங்கினேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன். விளக்குகள் அடங்கி நிதானமாக எரிந்தன. "வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டே ஜெயா பட்டியலைத் திறந்தார். ஏற்றுகிற பக்கத்தையும் திறந்தார். ஐந்து தாண்டியிருந்தது. பக்கம் மூடியிருந்தது.

பிரின்சிபால் யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

முப்பிடாதி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதிய. சர்வர் நல்லாத்தான் இருக்குன்னு மத்தியானமே சொன்னியல்லா? அந்த லிஸ்ட்டை மட்டும் பென்டிரைவ்ல எடுத்து, வெளிய எங்கனயாவது வச்சு அனுப்பியிருக்கலாம்லா?"

அனுப்பியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. நான் நாள் முழுக்கத் தேடியது லூப்பை. அவளுக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு ஃபைல்.

தென்காசிக்குப் போய் வந்தபோது என் தோளில் தொங்கிய பையில் மூன்று பென்டிரைவ்கள் இருந்தன.