பந்து அசைந்ததா?

முதல் ஓட்டம் முகத்துக்கு, இரண்டாவது தரைக்கு, மூன்றாவதுதான் பந்துக்கு. ஒரு துண்டுப் படத்தை மூன்று தடவைக்கு மேல் ஓட்டிப் பார்க்க முடியாது, நான்காவது தடவை அழுத்தினால் திரை அசைந்து கொடுக்காது. கம்பெனி அப்படி வைத்திருக்கிறது. ஆகவே மெஹ்ருன்னிசா மூன்றையும் அளந்து செலவழிக்கிறார். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இவரு வீட்டுல சண்ட போட்டுட்டு வந்திருக்காரு" என்பார். பக்கத்து நாற்காலி சிந்துஜா அதைக் கேட்டுச் சிரித்து, தன் மூன்று ஓட்டத்தில் ஒன்றைக் கோட்டை விட்டுவிடுவாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ் இருக்கிறது. எங்கெங்கோ நடக்கும் கோல்ஃப் போட்டிகளின் வீடியோ அடிக்கு ஒரு துண்டாக வெட்டப்பட்டு, ஆட்டம் நடந்த பத்தாவது நிமிடம் இங்கே வந்து விழும். எந்த மட்டை, பந்து புல்லில் கிடந்ததா மணலில் கிடந்ததா, அடிக்கும் முன்பே அசைந்ததா என்று பதினோரு கேள்விகளுக்குக் குறி போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் குறிகளைப் போட்டி நடக்கும் ஊரில் விதி அதிகாரிகள் பார்ப்பார்கள். மெஹ்ருன்னிசா இன்றுவரை ஒரு கோல்ஃப் பந்தைக் கையால் தொட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த மைதானத்தைத் திரையில் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இவ்ளோ புல்லு இருக்குது, ஒரு மாடு கூட இல்லியா?" என்பதுதான்.

நாற்பத்திரண்டு வயது. அதில் பதினாறு வருடம் கல்யாண வீடியோ மிக்ஸிங். பஸ் ஸ்டாண்டு பக்கம் கணவர் சைஃபுல்லா வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கேமரா அவருடையது, கம்ப்யூட்டர் இவருடையது. இப்போது கல்யாணத்தை ஆளாளுக்கு போனில் எடுத்துக்கொள்வதால் சைஃபுல்லா ஒருத்தரே இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். பதினாறு வருடப் பழக்கம் மட்டும் இவர் கையை விட்டுப் போகவில்லை. சைஃபுல்லா சாப்பிடும்போது ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால், "கொஞ்சம் பின்னாடி போங்க" என்பார். அவரும் பழகிப்போய், விட்ட இடத்துக்குப் பின்னால் போய் மறுபடி ஆரம்பிப்பார். ஷேர் ஆட்டோவில் எதிரே இருக்கிற அம்மா பேச்சைப் பாதியில் வெட்டி மாற்றினால்கூட இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "இங்க ஒரு கட்டு விழுந்துருக்கு" என்று வாய்க்குள் முனகிக்கொள்வார்.

மிக்ஸிங் மேஜையில் அவருக்கென்று ஒரு தர்மம் இருந்தது. கல்யாணத்தில் நடக்கக்கூடாதது நடந்தால் அதன்மேல் ரோஜா இதழ் தூவிவிடுவார். கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். சீர்த்தட்டைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தது இரண்டு நொடி, அப்பட்டமாகப் பதிவாகியிருந்தது. மெஹ்ருன்னிசா அந்த இரண்டு நொடிக்கு மேல் குத்துவிளக்கை ஏற்றி, இதழைக் கொட்டி, நாதஸ்வரத்தையும் கொஞ்சம் தூக்கி வைத்தார். "அத அவங்க வீட்டுல வருஷா வருஷம் போட்டுப் பாப்பாங்க. அந்தப் பொண்ணு அங்கதான வாழணும்?" என்பார். அந்தப் பெண்ணின் தாய் ரேணுகாம்பாள், படம் ரொம்ப லட்சணமாக வந்திருக்கிறது என்று வறுத்துத் தோலுரித்த மல்லாட்டை ஒரு படி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எதற்காக இவருக்கு அது தகும் என்று கொடுத்தவருக்குத் தெரியாது.

இங்கே அந்த தர்மம் செல்லாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். சூப்பர்வைசர் சரவணகுமார் இவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆபீஸுக்குள் "சார்", கீழே டீக்கடையில் "தம்பி". அவர்தான் பயிற்சி வகுப்பில் கோல்ஃப் வழக்குகளை எல்லாம் கதை கதையாகச் சொல்லிக் கொடுத்தவர். ஒரு காலத்தில் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களே போன் போட்டு, அந்த ஆள் பந்தைத் தள்ளி வைத்தார், இந்த அம்மாள் மணலைத் தொட்டார் என்று சொல்வார்களாம். மறுநாள் ஆட்டத்தின் நடுவில் வந்து தண்டனை போடுவார்களாம். மெஹ்ருன்னிசாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "மாப்பிள வீட்டுக்காரங்க வீடியோ பாத்துட்டு அடுத்த மாசம் போன் பண்ணுவாங்களே, அது மாதிரி" என்றார். பிறகு அந்த போன் வழக்கத்தை நிறுத்தினார்கள். வெறும் கண்ணால் பார்க்க முடியாததைக் கேமராவில் பெரிதாக்கிக் கண்டுபிடித்தால் அது குற்றமாகாது என்றும் விதி வந்தது.

இந்த இடத்தில்தான் அவருக்கும் சரவணகுமாருக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது முட்டிக்கொள்ளும்.

"வெறும் கண்ணுனா யார் கண்ணு சார்? உங்க கண்ணா, என் கண்ணா?"

"பொதுவா ஒரு மனுஷன் கண்ணுக்கா."

"அப்ப நான் யாரு?"

"உங்களுது கம்மி பவர் கண்ணு இல்லக்கா, அதான் பிரச்சன. கண்ணுக்குத் தெரியுமா தெரியாதானு முடிவு பண்றது அவங்க வேல. அசஞ்சுதுனா அசஞ்சுதுனு போடுங்க, அவ்ளோதான்."

ஆட்டக்காரர்களுக்கு இங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மெஹ்ருன்னிசா எண்ணோடு நிற்பாரா? எழுபத்தொன்று "மூக்கொறிஞ்சி", இருபத்தாறு "கோவக்காரு". நூற்றுப் பதினான்கு மட்டும் "துண்டுக்காரரு". அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் பந்தைத் துடைத்துவிட்டு, துண்டை நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேருகிறதா என்று பார்த்துத்தான் பைக்குள் வைப்பார். பார்த்துக்கொண்டிருக்கிற மெஹ்ருன்னிசாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிடும். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது, கறுத்து மெலிந்த ஆள். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேரை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள், மீதிப் பேருக்குத்தான் மூன்றாம் நாள். அந்தப் பாதியில் மூன்று போட்டியாக இந்த மனிதரும் போய்க்கொண்டிருந்தார். "யா அல்லா, இந்த வாரமாவது நிக்கட்டும்" என்று வெள்ளிக்கிழமைகளில் மெஹ்ருன்னிசா சொல்லிக்கொள்வது சிந்துஜாவுக்குக் கேட்கும்.

போன வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. தவறு பார்க்கும் வேலையில் இருந்த பிரசாத் பெங்களூருக்குப் போய்விட்டதால் செக்கர் நாற்காலி காலியாகக் கிடந்தது. முப்பது வேலை நாள் ஒரு குறிகூடத் தப்பாமல் போட்டவருக்குத்தான் அது. மெஹ்ருன்னிசாவுக்கு அன்று இருபத்தெட்டாவது நாள், இன்னும் இரண்டே நாள் பாக்கி. செக்கருக்கு மூன்று ஓட்டக் கட்டுப்பாடு கிடையாது. முன்னால், பின்னால், ஒவ்வொரு படமாக, எத்தனை தடவை வேண்டுமானாலும் நகர்த்தலாம். பதினாறு வருடம் அப்படியே நகர்த்திப் பழகிய கைக்கு அந்த நாற்காலியின்மேல் எவ்வளவு ஆசை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சைஃபுல்லாவிடம் ஏற்கெனவே சொல்லியும் ஆயிற்று.

மத்தியானம் மூன்றரை மணிக்கு நூற்றுப் பதினான்கின் கடைசிக் குழி வந்தது. நாலு அடியில் முடித்தால் மூன்றாம் நாளுக்கு நிற்கிறார், ஐந்து ஆனால் வீட்டுக்குப் போகிறார். இரண்டு அடி ஆகியிருந்தது. பந்து குழிக்குக் கொஞ்ச தூரத்தில் நெடும்புல்லில் கிடந்தது. முதல் ஓட்டத்தில் முகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார் மனிதர். இரண்டாவது ஓட்டத்தில் புல்லைப் பார்த்தார். மூன்றாவதில், மட்டையைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்த நேரத்தில், பந்து மெல்ல ஒரு பக்கமாகப் புரண்டு அடங்கியது. பந்தின் மேல் இருந்த கறுப்பு எழுத்து ஒரு நெல்மணி அளவு கீழே போயிற்று. படம் அங்கேயே முடிந்துவிட்டது.

மட்டை பட்டுப் பந்து நகர்ந்தால் ஒரு அடி தண்டனை. மெஹ்ருன்னிசாவுக்கு அது மனப்பாடம். நாலு ஐந்தாகிவிடும்.

திரையில் கேள்வி நின்றது: பந்து அசைந்ததா? ஆம், இல்லை.

ஒரு நெல்மணிதானே என்று தோன்றியது. அந்த ஊரில் பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரிந்திருக்காது, இது வெறும் கண்ணில் சேருமா? வழக்கமாகச் சரவணகுமாரோடு எதிர்க்கட்சி பேசுகிறவர் இப்போது அவருடைய அந்தப் பொது மனுஷன் கண்ணையே கடன் வாங்கிக்கொண்டார். கை கீபோர்டில் தானாக நகர்ந்தது. சீர்த்தட்டின்மேல் இதழைக் கொட்டிய அதே கை. "இல்லை" என்று அழுத்தி அனுப்பிவிட்டார்.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. பந்தை அடிப்பதற்கு முன்னாலேயே படம் ஏன் முடிந்தது? யார் பேச்சில் கட்டு விழுந்தாலும் கண்டுபிடிக்கிறவர், இந்தக் கட்டைக் கேட்காமல் விட்டார்.

குறி போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த துண்டு திறக்கும். திறந்தது. அதே குழி, அதே புல், அதே நூற்றுப் பதினான்கு. பந்தை அவர் இன்னும் அடிக்கவில்லை. ஓரடி பின்னால் தள்ளி நின்று, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. தூரத்தில் நின்றிருந்த ரெஃப்ரி நடந்து வரும்வரை கையை இறக்கவில்லை. வந்தவரிடம் பந்தைக் காட்டி, விரலால் இத்தனூண்டு என்று காட்டினார். ரெஃப்ரி தலையாட்டிவிட்டு ஒரு விரல் நீட்டினார். மனிதர் குனிந்து பந்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அடித்தார். நல்ல அடிதான், குழிக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நின்றது. அதற்கடுத்த துண்டில் தட்டி உள்ளே போட்டபோது கணக்கு ஐந்து.

சிந்துஜா எட்டிப் பார்த்தாள். "அய்யோ, துண்டுக்காரரு போயிட்டாராக்கா? நீங்க பாத்தப்ப அசஞ்சுதா?"

மெஹ்ருன்னிசா நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாரோ, அந்த மனிதருக்கு இவருடைய இதழ் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். கண்ணாடி மேல் தப்பு இல்லை.

"சார், இங்க கொஞ்சம் வாங்க."

சரவணகுமார் வந்து குனிந்து பார்த்தார். நடந்ததை மெஹ்ருன்னிசா சொல்லி முடிப்பதற்குள், "அட, இதுக்கா?" என்றார். "அவரே சொல்லிட்டாருல்ல, நம்ம குறியால யாருக்கும் நஷ்டமில்ல. திருத்தம் போட்டுடலாம்." அவர் தன் எண்ணைத் தட்டித் திருத்தப் படிவத்தைத் திறந்தார். குறி ஏன் மாறுகிறது என்று அதில் மூன்று காரணம் இருந்தது. தெளிவாகத் தெரியவில்லை. கை தவறி அழுத்திவிட்டேன். மற்றவை.

"மொதல்ல இருக்குல்லக்கா, தெளிவா தெரியல, அதப் போடுங்க. அது மட்டும்தான் தப்புல சேராது. உங்க இருபத்தெட்டு நாள் அப்படியே இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெல்லு அளவு அசஞ்சத யாரு பாத்துடப் போறாங்க, சொல்லுங்க? அந்தச் செக்கர் சீட்டு உங்களுக்குத்தான்னு நான் மேல சொல்லி வெச்சிருக்கேன்."

"தெளிவாத்தான் தம்பி தெரிஞ்சுது."

ஆபீஸுக்குள் அவர் "தம்பி" என்றது அதுதான் முதல் தடவை. மெஹ்ருன்னிசா மூன்றாவது காரணத்தைத் தொட்டார். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் திறந்தது. ஆங்கிலத்தில் எழுத வேண்டுமென்றால் சிந்துஜாவைத்தான் கேட்பார், இன்றைக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தமிழில் அடித்தார்: பந்து அசைந்தது. பார்த்தேன். தெரிந்தே இல்லை என்று போட்டேன்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்று சரவணகுமார் மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். மெஹ்ருன்னிசா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அனுப்பு என்ற இடத்தில் அழுத்தினார்.